அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா கையில் இருக்கிறது. அதிகச் செலவில்லாமல் கூட என்னென்ன வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது: சேலத்தில் இருக்கிறீர்கள். அப்பா வைத்திருந்த கே1000 பாடியும் 50 எம்எம் எஃப் 2 லென்ஸும் பீரோவிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஏற்காட்டுக்கு அடிக்கடி போவீர்கள். இன்னும் ரெண்டு லென்ஸ், ஃபிளாஷ், பை எல்லாம் பத்தாயிரத்துக்குள் முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் அந்தப் பணத்தை லென்ஸில் போடாதீர்கள்.

இன்றைக்கு ஒரு கலர் ரோல், அதைக் கழுவுகிற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 36 ஃப்ரேமுக்கு வகுத்தால் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய முப்பது ரூபாய். அப்பா காலத்தில் பாடிதான் பெரிய செலவு, இப்போது ஃபிலிம்தான். அதனால் எதை வாங்கும் முன்பும் 'இது எனக்கு எத்தனை ஃப்ரேமைக் காப்பாற்றும்?' என்று மட்டும் பாருங்கள்.

முதல் செலவு சர்வீஸ். கே1000 1976இல் வந்து 1997 வரை தயாரான கேமரா. முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி செத்தாலும் 1 நொடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும் ஓடும். (அதே 1976இல் வந்த கேனன் ஏஇ-1இல் பேட்டரி போனால் ஷட்டரே விழாது. யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால் இதையும் யோசியுங்கள்.) ஆனால் பல வருடம் பீரோவில் கிடந்ததை நம்பி உடனே ரோல் போடக்கூடாது. பின்கதவைத் திறந்து, லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்; எஃப் எண் குறையக் குறைய இது பெரிதாகும்) முழுக்கத் திறந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1/1000இல் அழுத்துங்கள். படச்சட்டம் முழுக்க ஒரே அளவில் வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் கறுத்தால் ஷட்டரின் இரண்டு திரையும் சமமாக ஓடவில்லை என்று அர்த்தம். அப்புறம் 1 நொடியில் வைத்துக் கேளுங்கள். 'கிர்ர்ர்' என்று ஓடி முடிய வேண்டும், நடுவில் திக்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர், வெளிச்சம் அளக்கிற மீட்டரைப் பற்றி என்னிடம் சொன்னார்: "மீட்டர் முள்ளு ஆடுதான்னு எல்லாரும் பாக்குறாங்க தம்பி. முள்ளு போனா கண்ணால ஓட்டிக்கலாம். ஷட்டர் போனா என்ன பண்ணுவீங்க?"

அவரைப் போன்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்கு ரிப்பேர் செய்கிறவர் யார் என்று தெரியும். அவர்கள் அலமாரியிலேயே நல்ல லென்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும், அதுவும் ஆன்லைன் விலையில் பாதிக்கு.

பின்கதவு ஓரத்திலும், மேலே கண்ணாடி வந்து தட்டும் இடத்திலும் இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் ஆயுள் முடிந்தது. கதவு வழியாக வெளிச்சம் கசிந்து படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். இதற்கு ஆள் வேண்டாம். ஐஸ் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, கதவுப் பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலை ஒட்டினால் போதும். கண்ணாடி தட்டுகிற இடத்துக்கு மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்ச் துண்டு. ரெண்டும் கடைவீதியில் கிடைக்கும்.

மீட்டருக்கு எல்ஆர்44 பட்டன் பேட்டரி ஒன்று போதும். இந்தக் கேமராவில் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடாமல் வைத்தால் வெளிச்சம் படப்பட பேட்டரி தீரும்.

லென்ஸுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்து முன்னால் இருந்து பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது, பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா வைத்திருந்த தோல் உறையை எவ்வளவு பாசம் இருந்தாலும் கேமராவோடு வைக்காதீர்கள். ஃபங்கஸுக்கு அதுதான் மாமனார் வீடு. இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டத்தில் சுற்றிவிட்டு வந்தால், கேமராவைத் துடைத்து, சற்று நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு அப்புறம் டப்பாவில் போடுங்கள்.

இரண்டாவது லென்ஸ் வேண்டவே வேண்டும் என்றால், அகலமாகப் பார்க்கிற 28 எம்எம் எஃப் 2.8. ஏற்காடு என்றதும் எல்லாரும் 135 எம்எம் வாங்கச் சொல்வார்கள். லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தை இழுத்து எடுக்கலாம் என்ற ஆசை. பெரும்பாலான நாளில் நடுவில் இருக்கிற புகைமூட்டத்தைத்தான் அது இழுத்துத் தரும். கை ஆடாமல் இருக்க 1/125 வேறு வேண்டும். 28 எம்எம்மில் 1/30இலேயே கையில் பிடித்து எடுக்கலாம். தறிக்கூடத்துக்குள்ளும் குறுகலான சந்துக்குள்ளும் அதுதான் உதவும். பென்டாக்ஸ் பெயர்தான் வேண்டும் என்றில்லை. கே மவுண்ட்டில் (இந்தக் கேமராவில் லென்ஸ் மாட்டுகிற அமைப்பு) ரிக்கோ, சினான், விவிட்டார் எதுவும் பொருந்தும், அப்பர்ச்சர் வளையம் மட்டும் லென்ஸிலேயே இருக்க வேண்டும். புதிய டிஜிட்டல் பென்டாக்ஸ் லென்ஸ்கள் பலவற்றில் அது கிடையாது, வாங்கினால் வீண். வீட்டில் பழைய ரஷ்ய ஸெனிட் கிடந்தால் அதன் ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸைக்கூட எம்42 (ஸெனிட்டின் திருகு மவுண்ட்) அடாப்டர் போட்டு மாட்டலாம். இரண்டு மவுண்ட்டுக்கும் ஃபிலிமிலிருந்து இருக்கிற தூரம் ஒன்றே, 45.46 மில்லிமீட்டர். அதனால் தூரத்து மலை வரை ஃபோகஸ் வரும்.

ஃபிளாஷ், டிரைபாட், பை எதுவும் இப்போது வேண்டாம்.

மூட்டத்தில் எடுப்பது பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏற்காட்டில் ரோல் வீணாவது அங்கேதான். மீட்டர் சட்டம் முழுவதையும் சராசரி பார்க்கும். வெள்ளை மூட்டத்தைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கிவிடும். 200 ரோல் போட்டிருந்தால் ஐஎஸ்ஓவை (ஃபிலிமின் வேகம்) 100க்குத் திருப்பி முள்ளை நடுவில் வையுங்கள், ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைச்சலைத் தாங்காது. நல்ல வெயிலில் 200 ரோலுக்கு மீட்டரே தேவையில்லை: எஃப் 16, 1/250. காபித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலுக்குள் நுழைந்தால் எஃப் 4, சில இடத்தில் அதற்கும் கீழே.

ரோல் மாட்டியதும் வைண்ட் செய்யும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் ஏறவில்லை, 36 தடவை அழுத்தியும் ஒன்றும் விழுந்திருக்காது.

மிச்சப் பணத்தில் கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவப் பழகுங்கள். ஃபிலிம் கழுவுகிற ஒரு டேங்க், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக், தெர்மாமீட்டர், டி-76 டெவலப்பர், படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ. நம் ஊரில் இதற்கு எதிரி சித்திரை, வைகாசி வெயில். மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், கெமிக்கல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஐஸ் கட்டி போட்டு பேசினில் மிதக்கவிட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்துங்கள். எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு டி-76இல் சரிக்குச் சரி தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஃபிலிமில் இருந்த வெள்ளி அதில்தான் கரைந்து இறங்கியிருக்கும். கொலுசுப் பட்டறை இவ்வளவு இருக்கிற ஊரில் இதை விளக்கிச் சொல்லவா வேண்டும்?

கலரை வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு டெவலப்பர் 38 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும், மூன்றே கால் நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், தடுமாறினால் நிறம் போச்சு. ரெண்டு மூன்று ரோல் சேர்ந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்புங்கள், அனுப்புகிற செலவும் பங்காகிவிடும். அதுவரை ரோல்களை ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அம்மா திட்டினால் வெண்ணெய்க்குப் பின்னால் தள்ளி வையுங்கள். லேபில் கொடுக்கும்போது 'நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும்' என்று கவர் மேலேயே எழுதிவிடுங்கள். கேட்காவிட்டால் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடுகிற இடங்களும் உண்டு.