ஊட்டி டாக்ஸிக்காரர் மகள் என்ன படிக்கலாம்?

ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் அண்ணனுக்கு வணக்கம். "மகள் கணக்கில் கெட்டி. ஆனால் கோயம்புத்தூர் மாதிரி ஊரில் டிரைவர்கள் எந்தத் தெருவில் புகுந்து போவார்கள் என்று கணக்குப் போடும் படிப்புதான் வேண்டும் என்கிறாள். இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கிறார்கள். பைபாஸோ மேம்பாலமோ போடுமுன், எத்தனை வண்டி அந்தப் பக்கம் திரும்பும் என்று யாராவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வம்பு. புது ரோடு போட்டும் எல்லோருக்கும் பயண நேரம் கூடிவிடலாம் என்று 1968-லேயே பிராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் காட்டியிருக்கிறார்.

இந்தக் கணக்கை நீங்கள் தினமும் போடுகிறீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ரோடு பிரிகிறது. குன்னூர் வழி தூரம் குறைவு. ஆனால் பர்லியார் பக்கம் ஒரு லாரி மடக்கி நின்றால் போச்சு. கோத்தகிரி வழி சுற்று. பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுக்குமா என்பதையும் பார்ப்பீர்கள். நேரம், தூரம், வளைவு, டீசல் என்று எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பல நூறு டிரைவர்களின் பயணங்களிலிருந்து பிரித்தெடுப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் வேலை. அதற்கு 'லாஜிட்' என்றொரு முறை உண்டு. இந்த ஆள் இப்படித்தான் போவார் என்று அது அடித்துச் சொல்லாது. நூற்றுக்கு எத்தனை பேர் போகக்கூடும் என்று சொல்லும். இந்த வகை ஆய்வுக்காக டேனியல் மெக்ஃபேடன் 2000-இல் பொருளாதார நோபலே வாங்கினார்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.இ. சிவில் சேருங்கள். சிவில் என்றால் சிமெண்டும் செங்கலும்தானே என்று சொந்தக்காரர்கள் இழுப்பார்கள்; விடுங்கள். கூடவே புள்ளியியலும், பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கற்கட்டும். அப்புறம் கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சி என்.ஐ.டி. போன்ற இடத்தில் போக்குவரத்துப் பொறியியலில் முதுநிலை. முதல் வேலை பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களில் கிடைக்கும். ஆரம்பத்தில் ரோட்டோரம் நின்று வண்டி எண்ணவும் வேண்டியிருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சேர்க்குமுன் ஒரு சோதனை. உங்கள் முப்பது சவாரிகளை அவள் நோட்டில் எழுதட்டும்: கிளம்பிய நேரம், போன வழி, போகாமல் விட்ட வழி, காரணம். விட்ட வழியைக் குறிக்காவிட்டால் நோட்டு வீண். ஏறக் குன்னூர், இறங்கக் கோத்தகிரி என்று போலீஸ் ஒருவழியாக்கும் சீசன் நாட்கள் வேண்டாம். அன்றைக்கு நீங்கள் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பத்தாவது சவாரியிலேயே அவளுக்கு அலுத்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு படிப்பு பார்ப்போம்.