பெட்டி ஏன் அப்படியே கிடந்தது?

கேள்வி: எனக்கு வயது 56. மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவுக்கு 79. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம், எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். குளிர் வந்தால் விரல்களெல்லாம் வீங்கிவிடும். சில நாள் காலையில் போன் செய்தால் பேச்சு குழறுகிறது, ஞாபக மறதி வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே வா என்றால் வரமாட்டேன் என்கிறார். போன மார்கழியில் ரூம் ஹீட்டர் வாங்கிக் கூரியரில் அனுப்பினேன். மே மாதம் குடும்பத்தோடு போய்ப் பார்த்தால், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவ்வளவு பிடிவாதம். கரி போட்ட கும்முட்டி அடுப்பே போதுமாம். வத்தலகுண்டில் இருக்கும் தங்கை மாதம் ஒருமுறை போகிறாள், அவளுக்கு நிலத்தின் மேல் கண். பூண்டு போடும் ஒன்றரை ஏக்கரை விற்றுவிட்டு அம்மாவை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஐப்பசி பிறந்தால் இந்தக் கடிதம் எனக்கு வர ஆரம்பித்துவிடும். ஒரு வருஷம் கோத்தகிரியிலிருக்கும் அம்மா, ஒரு வருஷம் வால்பாறையிலிருக்கும் அப்பா. எல்லாரும் பிடிவாதக்காரர்கள், எல்லாருடைய பிள்ளைகளும் பாவம்! சம்மதம், நிலம், தங்கை எல்லாம் இருக்கட்டும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஹீட்டர் பெட்டிக்கு வருகிறேன்.

மே மாதம் போனீர்கள், பெட்டியைப் பார்த்தீர்கள். அப்புறம்? கடிதத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீங்களும் அதைப் பிரிக்கவில்லை, அப்படித்தானே? நாள் முழுக்க ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாக வேலை செய்கிறவர் குனிந்து ஒரு டேப்பைக் கிழிக்கவில்லை. விரல் மடங்காத 79 வயது மனுஷி கிழிக்கவில்லை என்றால் மட்டும் அது பிடிவாதமா?

பிரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2000 வாட்ஸ் ஹீட்டருக்குப் பெரிய மூன்று பின் பிளக், 15 ஆம்ப் பாயின்ட் வேண்டும். அந்தப் பழைய வீட்டில் அது இருக்கிறதா? வயரிங் தாங்குமா? வாங்குவதற்கு முன்னால் பார்த்தீர்களா? கரன்ட் பில்லையும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 2 யூனிட். ராத்திரிக்கு மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறவர் அதை எப்படிப் போடுவார்? 'பில்லை நான் கட்டுகிறேன்' என்று சொன்னீர்களா? பெட்டியை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். கூரியர்காரர்கூட கையெழுத்து வாங்காமல் போகமாட்டார்.

இப்போது கும்முட்டி. அதைப் பழைய பழக்கம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்து ஊரில் குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலையெல்லாம் அடைத்து, உள்ளே கரிக்கங்கை வைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. கங்கு புகையவில்லையே என்று தைரியமாகப் படுப்பார்கள். காலையில் தலை கனக்கும், பேச்சு தடுமாறும், அதற்கும் மேல் போனால் எழுந்திருக்கவே மாட்டார்கள். நீங்கள் 'ஞாபக மறதி' என்று எழுதியிருப்பது இதுவாக இருக்கலாம். உடம்புச் சூடு இறங்கியதாலும் இருக்கலாம்: வயதானால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குவது குறைந்துவிடும், குளிர்வதே சரியாக உறைக்காது. பக்கவாதத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம். எதுவென்று நானும் நீங்களும் தீர்மானிக்க முடியாது, டாக்டர் பார்க்க வேண்டும். இன்றைக்கே போன் செய்து, கும்முட்டியோடு கதவைச் சாத்திப் படுக்கவே கூடாது என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். இனி ஒரு காலை பேச்சு குழறினால் அவர்கள் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் லீவு போடுங்கள். மே மாத லீவு இல்லை, இந்த மாதமே. சீசனுக்குப் போகிறவன் விருந்தாளி. பிள்ளை உறைபனிக்கு முன்னால் போக வேண்டும். எழும்பூரில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் கொடை ரோடு, அங்கிருந்து மலைக்குப் பஸ். டூல் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போங்கள். பாயின்ட் போடுங்கள். கக்கூஸ் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள், மலை வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். குளிரில் ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஈரத் தரையில் நடக்கிற கிழவிக்கு இடுப்பு எலும்பு முறிய ஒரே ஒரு சறுக்கல் போதும். அந்தப் பயத்தில்தான் பலர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அங்கே ஒரு விளக்கும் பிடித்து நடக்க ஒரு கம்பியும் போடுங்கள், உங்களுக்குத் தெரியாத வேலையா? ரேஷனுக்கு இன்னும் அவரே நடக்கிறாரா என்று கேளுங்கள். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. கம்பளி ஆட்டுக்கு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிற ஊர் மன்னவனூர். உங்கள் அம்மாவிடம் உருப்படியாக ஒரு கம்பளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்டையார்பேட்டைக்கு அவர் ஏன் வரமாட்டேன் என்கிறார்? 'வந்தால் திரும்ப விடமாட்டார்கள், நிலத்தையும் விற்றுவிடுவார்கள்' என்று பயப்படுகிறார். உங்கள் கடிதத்தைப் படித்தால் அந்தப் பயம் நியாயம்தான் என்று எனக்கே தோன்றுகிறது. அதனால் 'வந்துவிடு' என்று கூப்பிடாதீர்கள். 'மார்கழியும் தையும் எங்களோடு இரு' என்று கூப்பிடுங்கள். அங்கே பனி கொல்கிற அந்த இரண்டு மாதம்தான் நம் வடசென்னையில் மனுஷன் வேர்க்காமல் உட்காருகிற காலம். மாசியில் திரும்பிப் போக டிக்கெட்டை இப்போதே எடுத்து அவர் கையில் கொடுங்கள். வந்ததும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மாடிப்படி ஏற இறங்க யார் கை கொடுப்பது என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள், அந்த வேலை முழுக்க உங்கள் மனைவி தலையில் விழக் கூடாது. சித்திரையில் அவரை இங்கே வைத்திருக்க நினைக்காதீர்கள். ஆயுசு முழுக்கக் குளிரில் இருந்த உடம்பு இந்தப் புழுக்கத்தைத் தாங்காது.

தங்கையைப் பற்றி ஒரே கேள்வி. மாதாமாதம் மலையேறி அம்மாவைப் பார்க்கிறவளுக்கு நிலத்தின் மேல் கண் என்கிறீர்கள். விற்கப் போவதாக எழுதியிருப்பது நீங்கள். அவளுக்கு இன்றைக்கே போன் போட்டு, அம்மா எப்படிப் படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார், காலையில் எப்படி எழுந்திருக்கிறார் என்று கேளுங்கள். உங்களைவிட அவளுக்குத்தான் தெரிந்திருக்கும்.

விற்கிற பேச்சை அம்மா இருக்கும்வரை அவர் வாயால் எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்க வேண்டாம். அந்தப் பூண்டுக் காட்டில் யார் களை எடுக்கிறார்கள், இந்த வருஷம் என்ன விலை போனது என்று அவர் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பிடுங்கிவிட்டு, முதல் மாடியில் டிவிக்கு முன்னால் உட்காரவைப்பதா அவரைக் கவனித்துக்கொள்வது? அந்த ஒன்றரை ஏக்கர் யார் பேரில் இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அம்மா பேரில்தானே?