மலேசியாவில் வசந்த காலமே இல்லையே, பாடும் பறவைகளை எந்த மாதத்தில், எங்கே பார்க்கலாம்?

நாள்காட்டியில் வசந்தம் இல்லைதான். ஆனால் தைப்பூசம் முடிந்த கையோடு கித்தா (ரப்பர்) மரங்கள் இலை கொட்டும், பிறகு செம்பழுப்பாகக் கொழுந்து விடும். அந்த இடைவெளிதான் நமக்கு வசந்தம். மரம் மொட்டையாக நிற்பதால் குரல் வரும் திசையில் பறவையும் கண்ணில் படும். மற்ற மாதங்களில் கழுத்து வலிதான் மிச்சம்.

நான் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம். இங்கே கித்தா போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது. செம்பனைக்குள் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். எலி பிடிக்க ஆந்தை இருக்கலாம், பாட்டுக்கு ஆள் குறைவு. ஓடையோரம், கோயில் வளாகம், பால் வெட்டாமல் விட்ட பழைய தீம்பாரில் (கித்தாத் தோட்டத்தில்) புதர் மண்டிய பெலுக்கார், இவைதான் இடம்.

பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் கூடும் இருட்டிலேயே போய் நில்லுங்கள். முதலில் ஆரம்பிப்பது முராய். ஆண் பளபளக்கும் கறுப்பு, இறக்கையில் வெள்ளைப் பட்டை, நிமிர்த்திய வால். பெண்ணுக்குக் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சாம்பல். வெளிச்சம் வந்ததும் தையல்சிட்டைத் தேடுங்கள். இத்தனை சின்ன உடம்புக்கு அவ்வளவு சத்தம் எதற்கென்று எனக்கு இன்றும் புரியவில்லை. கத்தும்போது கழுத்தோரம் கறுப்பாக ஒரு கீற்று தெரியும். வாயை மூடினால் மறைந்துவிடும்.

குயிலைப் பாடும் பறவைகளில் சேர்க்க மாட்டார்கள் பறவையியல்காரர்கள். நான் சேர்ப்பேன். காகக் கூட்டில் முட்டையிடும் அதற்கு இங்கே கூடு கொடுப்பது, 1890-களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காகத்தின் வம்சம். நம்மைப் போலவே தோட்ட வேலைக்கு வந்த கூட்டம்!

போனில் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். எதிராளி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுக்குத் தீனி கொடுப்பதை விட்டுவிட்டு ஓடி வரும். பொறி வைக்கிறவனும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறான். ஆற்றோரம் பாடும் பாராவ் பாராவ் என்ற கொண்டைக்குருவி இனம், கூண்டு வியாபாரத்தால் 2018-இல் மிக மோசமான அழிவு அபாயப் பட்டியலுக்குப் போய்விட்டது. ‘முராய் பத்து’ என்ற காட்டு முராயை வளர்க்கவே பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் வேண்டும், இருந்தும் திருட்டு நிற்கவில்லை. அதனால் படம் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள்.

பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், பெலுக்காரில் அட்டையும் பாம்பும் உண்டு. கேட்டில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லிவிட்டு உள்ளே போங்கள். விடியாத நேரத்தில் பைனாகுலரோடு திரிகிறவனைப் பார்த்தால் செம்பனைக் குலை திருட வந்தவன் என்றுதான் அவருக்குத் தோன்றும்.