கருவிலேயே ட்யூப் வைத்த பையனுக்கு இன்னமும் சிறுநீர்ப்பை செக்கப் தேவையா?

வயிற்றில் இருக்கும்போதே சிறுநீர் அடைப்புக்கு ட்யூப் வைத்து, பிறந்ததும் அடைப்புக்குக் காரணமான வால்வை (சிறுநீர் வெளியேறும் பாதையை மறிக்கும் சவ்வை) நீக்கிய உங்கள் மகனுக்கு இப்போது 6 வயது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்டான கிரியாட்டினின் நார்மலாக இருக்கிறதே, இனியும் செக்கப் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். குழந்தைகள் யூராலஜி பிரிவில் நர்ஸாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாலாம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது குறைந்தால் நுரையீரல் வளராது. அடைபட்ட சிறுநீரைப் பனிக்குடத்துக்குள் விடும் அந்த ட்யூப் முதலில் காப்பாற்றுவது நுரையீரலை, அதாவது உயிரை. இந்த ட்யூப் பலன் தருகிறதா என்று பார்க்க பிரிட்டன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய புளூட்டோ ஆய்வு 2013இல் வெளிவந்தது. மொத்தமே 31 தாய்மார்கள்தான், ஆள் சேராமல் பாதியில் நின்றுபோனது. அதில் 2 வயதில் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்கள் இரண்டே குழந்தைகள். உங்கள் பையனின் ரிப்போர்ட் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து தெரியும்.

ஆனால் சிறுநீர்ப்பை கதை வேறு. கருவில் அடைப்பை எதிர்த்து முக்கி முக்கி அதன் தசை தடித்து இறுகிப்போயிருக்கும். வால்வை எடுத்ததும் அது இளகிவிடாது. சின்ன வயதில் உள்ளே அழுத்தம் அதிகம்; வளர வளர, பல பையன்களுக்கு அதே தசை சோர்ந்துபோய் முழுசாகக் காலி செய்யாது. வலி எதுவும் இருக்காது, அழுத்தம் மட்டும் சத்தமில்லாமல் சிறுநீரகத்துக்கு ஏறும்.

"நல்லாத்தான் போறான் சிஸ்டர்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். பையன் போய்விட்டு வந்த கையோடு ஸ்கேன் வைத்தால் உள்ளே 120 மில்லி நிற்கும். அந்த வயதில் பை பிடிப்பதே 200 மில்லி சொச்சம்தான்.

அதனால் மூன்று மணிக்கு ஒருமுறை, வராவிட்டாலும் போகச் சொல்லுங்கள். போனபின் சில நிமிடம் கழித்து இன்னொரு முறை. மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பள்ளியில் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே இருப்பான். டாக்டரிடம் கடிதம் வாங்கி டீச்சரிடம் கொடுங்கள். படுக்கையை நனைத்தால் தயவுசெய்து திட்டாதீர்கள், இந்தப் பிள்ளைகளில் பலருக்கு சிறுநீரே அதிகமாகச் சுரக்கும்.

பிற்காலத்தில் மீதி நிற்கும் சிறுநீரை ட்யூப் விட்டு எடுக்கச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். ஜெல் தடவிப் போடப் பழகிவிட்டால், வளர்ந்த பையன்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, சிறுநீர் போனபின் மீதி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் டெஸ்ட் எப்போது தேவை என்றும் கேளுங்கள். நடுவில் சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) கொடுத்துவிடுங்கள்.