கேள்வி பதில்: ஜிபிஎல் நிரல் கலந்தால்?

கேள்வி: நாங்கள் விற்கும் ரௌட்டரின் மென்பொருளில் ஜிபிஎல் (GPL) என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வெளியான நிரல் இருக்கிறது. மூலநிரலை இணையத்தில் போட்டே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1991-இல் வந்த அந்த உரிமம் கேட்பது வேறு. கருவியோடு மூலநிரலையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையேல், கேட்கும் எவருக்கும் தருவோம் என்று குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துறுதி கொடுங்கள். சொந்த சர்வரில் மட்டும் ஓட்டினால் இந்தக் கடமையே கிடையாது. (இணையச் சேவைகளை மனதில் வைத்து எழுதிய ஏஜிபிஎல் என்ற கிளை உரிமம் என்றால் கதை வேறு.)

பலர் சறுக்குவது இங்கேதான்: சி மொழி நிரல் கோப்புகளை மட்டும் ஜிப் செய்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மேக்ஃபைல் (நிரலைக் கம்பைல் செய்யும் படிகளைச் சொல்லும் கோப்பு), கம்பைல் செய்து நிறுவும் ஸ்கிரிப்டுகள், நீங்கள் செய்த திருத்தங்கள், திருத்திய கோப்புகளில் தேதியுடன் குறிப்பு எல்லாமே வேண்டும். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற தைரியமும் வேண்டாம். ஃபர்ம்வேரை (கருவிக்குள் பதிந்துள்ள மென்பொருளை) பிரித்து, கோப்பிலுள்ள எழுத்துகளை எடுத்துக் காட்டும் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையை ஓட்டினாலே ‘பிஸிபாக்ஸ்’ என்ற ஜிபிஎல் மென்பொருளின் பெயர் பதிப்பு எண்ணோடு வந்து நிற்கும்.

மீறினால் இரண்டாம் பதிப்பில் உரிமம் தானாகவே போய்விடும். மூன்றாம் பதிப்பு சற்று இரக்கமுள்ளது: முதல் மீறலுக்கு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும்.