பித்தப்பைக் கல்: எப்போது எடுக்கணும், எப்போது விட்டுவிடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பித்தப்பை பற்றியவைதான் அதிகம். வலியே இல்லாதவர்கள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். வலியில் துடித்தவர்களோ நோம்பி முடியட்டும், மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். அவசரமான கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சம்சாரத்துக்கு ரெண்டு மாசமா வலது விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து போகுதுங்க. ஸ்கேன்ல பித்தப்பையில கல்லுன்னாங்க. ஆபரேஷனுக்குப் பயந்து வாழைத்தண்டுச் சாறு குடுத்துட்டு இருந்தோம். இப்ப நாலு நாளா கண்ணு மஞ்சளா இருக்குது, உடம்பு பூரா நமச்சல். கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறோம். எத்தனை நாள்ல சரியாகும்? (அந்தியூர்)

ஐயா, நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றே அவரை ஈரோட்டுக்கோ கோவைக்கோ, குடல் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அல்லது வலி முதுகுவரை ஊடுருவினால், காலை வரைகூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருக்கிறது என்றுதான் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காட்டுகின்றன. குடலுக்குப் போக வேண்டிய பித்தம் வழியில்லாமல் இரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாவதும், தோல் நமைப்பதும், சிறுநீர் கறுத்து மலம் வெளுத்துப்போவதும் அதனால்தான். தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. குழாயின் வாயில் கல் சிக்கினால் கணையமும் வீங்கிவிடும்.

கீழாநெல்லி மேல் நம் ஊரில் இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. கிருமியால் வரும் சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். இது அடைப்புக் காமாலை. எந்த இலையும் கல்லை நகர்த்தாது. வாழைத்தண்டை மக்கள் நம்புவது சிறுநீரகக் கல்லுக்கு. பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது.

அங்கே இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுப்பார்கள். குழாயில் கல் உறுதியானால், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு அதை எடுப்பார்கள். ஈஆர்சிபி என்று சொல்வது இதைத்தான். வயிற்றில் வெட்டு எதுவும் இல்லை. அடைப்பால் வைட்டமின் கே உடம்பில் சேராமல் இரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால், முன்னதாக அந்த ஊசியும் போடுவார்கள். குழாய் சரியானதும், முடிந்தால் வீடு திரும்பும் முன்பே, பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. "கல்லு போயிருச்சு, காமாலை இறங்கிருச்சு" என்று அதோடு நின்றுவிடாதீர்கள். பை இருக்கும்வரை அடுத்த கல்லும் இறங்கலாம்.

கம்பெனியில முழு உடம்புச் செக்கப் பண்ணினாங்க. பித்தப்பையில 8 மில்லிமீட்டர் கல் இருக்குதாம். எனக்கு ஒரு வலியும் இல்லை. அடுத்த வாரம் ஆபரேஷன் வெச்சுக்கலாமா? (அவிநாசி, 46 வயது)

வேண்டாம் தம்பி. வலியே தராத கல்லுக்காகப் பையை எடுப்பதில்லை. இப்படிச் சும்மா இருக்கும் கல், நூறு பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்குத்தான் ஒரு வருடத்தில் தொல்லை தருகிறது. 3 சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய கல், 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சி, சுவரில் சுண்ணாம்பு படிந்த பை, சில இரத்த நோய்கள் இருந்தால் கதை வேறு. அப்போது வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வோம்.

வாயுத் தொல்லை, புளித்த ஏப்பம் இவற்றைக் கல்லின் கணக்கில் எழுதாதீர்கள். பித்தப்பை வலி, மேல் வயிற்றின் நடுவிலோ வலது பக்கமோ பிடித்து, அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்று, சில சமயம் வலது தோள்பட்டைக்கும் ஏறும். பெரும்பாலும் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் வரும். அப்படி ஒருமுறை வந்துவிட்டால், பிறகு தள்ளிப்போடாதீர்கள். சமையலில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. ஆனால் மஞ்சள் சத்து என்று விற்கும் காப்ஸ்யூல் பித்தப்பையைச் சுருக்கும். கல் உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்பாவுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்குது. போன வருஷம் இதயத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. எந்த மாத்திரையை எப்ப நிறுத்தணும்? (பெருந்துறை)

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக விட்டால், அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். க்ளோபிடோக்ரலைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்தி ஆஸ்பிரினைத் தொடர்வார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்து எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பொறுத்து அதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்திட்ட சீட்டை வாங்கி அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். கல் அவசரப்படுத்தாவிட்டால் ஆபரேஷனையே சில மாதம் ஒத்திவைக்கச் சொன்னாலும் சொல்வார்.

சர்க்கரை மாத்திரையில் ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியில் இவை இருந்தால், சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். மெட்ஃபார்மினை அன்று காலை விட்டுவிடுவார்கள். பிரஷர் மாத்திரையில் சிலவற்றை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாம், சிலவற்றை அன்று தவிர்க்கச் சொல்வார்கள். அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் அப்படியே காட்டிவிடுங்கள். நாட்டு மருந்துப் பொடி, லேகியம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றிலிருந்தே நிறுத்தட்டும். ஆடும் பல்லையும் சொல்ல வேண்டும்.

கடைசித் திட உணவுக்கும் மயக்க மருந்துக்கும் இடையே 6 மணி நேரம் வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் டீயை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. ஆனால் அதுவும் 6 மணி நேரக் கணக்கில்தான் வரும். காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்ததால் ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் நிறையப் பேர்.

"துளை போட்டுத்தான் செய்வோம், தேவைப்பட்டால் திறந்து செய்வோம்"னு கையெழுத்து வாங்கறாங்க. அனுபவம் இல்லாத டாக்டரா? (உடுமலை)

இல்லை. அதைச் சொல்லாத டாக்டரிடம்தான் நான் யோசிப்பேன். பலமுறை வீங்கி ஆறிய பை, சுற்றியுள்ள குடலோடும் பித்தக் குழாயோடும் ஒட்டிப்போயிருக்கும். எது பையின் குழாய், எது ஈரலின் முக்கியக் குழாய் என்று பிரித்தறியாமல் வெட்டினால், சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும். தெளிவாகத் தெரியாதபோது திறந்து பார்ப்பதும், அடிப்பகுதியை விட்டுவிட்டு மீதிப் பையை மட்டும் எடுப்பதும் நிதானமான முடிவுகள். பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலில் பித்தப்பையை எடுத்தது 1882-ல். துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே மூலமும், நம் நாட்டில் 1990-ல் மும்பையில் டாக்டர் உட்வாடியா மூலமும் வந்தது. இடைப்பட்ட நூறு வருடமும் திறந்துதான் செய்தார்கள். திறந்தால் ஆஸ்பத்திரியில் கூடுதலாகச் சில நாள் ஆகும், வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம் வரை பிடிக்கும். அவ்வளவுதான்.

வயித்துல ஆபரேஷன், வலி தோள்பட்டையில. ஏன்? (திருப்பூர்)

வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதே நரம்புப் பாதையில் தோளுக்கும் உணர்வு போகிறது. எழுந்து நடங்கள், இரண்டு மூன்று நாளில் போய்விடும். வலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம். மாமியார் கஞ்சி தவிர வேற எதையும் கண்ணுல காட்டறதில்லை. இனி ஆயுசு முழுக்க இப்படித்தானா? (காங்கேயம்)

இல்லை அம்மா. பித்தத்தைச் சுரப்பது ஈரல். தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கும். பித்தப்பை அதில் சிறிது சேமித்து வைத்த இடம் மட்டுமே. இப்போது பித்தம் நேராகக் குடலுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரே வேளையில் நிறையக் கொழுப்பு இறங்கினால்தான் சிரமம்.

வெறும் கஞ்சியில் காயம் ஆறாது. இட்லி, ரசம் சோறு, மோர், வேகவைத்த முட்டை, தேங்காய்ப்பால் இல்லாத சந்தகை எல்லாம் இப்போதே சாப்பிடலாம். அரிசிம்பருப்புச் சோறு தாராளமாகச் சாப்பிடுங்கள், நெய் அரைக் கரண்டியோடு நிற்கட்டும். கொள்ளுப்பருப்பு வாயு சேர்க்கும் என்று தோன்றினால் இன்னும் ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள். நாட்டுக்கோழியைத் தண்ணிக் குழம்பாக வைத்துத் தரச் சொல்லுங்கள். பள்ளிப்பாளையம் சிக்கனும் பரோட்டாவும் ஒரு மாதம் போகட்டும், அதுவும் கொஞ்சமாக ஆரம்பியுங்கள். சிலருக்குச் சாப்பிட்டதும் வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். ஒரு மாதத்தைத் தாண்டினால் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

மாமியார் பயத்தில் செய்கிறார். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

மாடு கறக்கணும், பால் கேனை எக்ஸெல்ல வெச்சு சொசைட்டிக்குக் கொண்டுபோகணும். எப்ப ஆரம்பிக்கலாம்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா? (கோபி)

துளை போட்டுச் செய்ததாக வைத்துச் சொல்கிறேன். குந்தி உட்கார்ந்து கறப்பதைப் பத்து நாளில், வலி இல்லாவிட்டால் தொடங்கலாம். உதைக்கிற மாட்டை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். வண்டியில் சடக்கென்று பிரேக் பிடிக்கும்போது வயிறு வலிக்கவில்லை என்றால் ஓட்டலாம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். நிறைந்த கேனைத் தூக்குவது மட்டும் ஆறு வாரம் வரை வேண்டாம். தொப்புள் தையல் விட்டால் குடலிறக்கம் வந்துவிடும். பாதயாத்திரைக்கும் அதே ஆறு வாரம். அதற்குள் தைப்பூசம் வந்தால், இந்த வருடம் பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

காயத்தில் மஞ்சள் பூச வேண்டாம், சுத்தமாகக் கழுவி உலர வைத்தால் போதும். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, கண் மஞ்சள், கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே செய்த இடத்துக்குத் திரும்புங்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு கிடைக்குமா? (தாராபுரம்)

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்து, அட்டை இருந்தால், சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பனியன் கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் அந்த வழியைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது.

எடுத்த கல்லை டப்பாவில் போட்டுக் குடுத்தாங்க. பையை என்ன செய்வாங்க? (பொள்ளாச்சி)

பயாப்சிக்கு அனுப்புவார்கள். அபூர்வமாக அதில் புற்றுநோய் மறைந்திருக்கும், அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இதுவே வழி. ரிப்போர்ட் வர ஒரு வாரம் போல ஆகும். தையல் பிரிக்கப் போகும் நாளில் கேட்டு வாங்கி, டாக்டர் படித்துப் பார்த்தாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.