மழை விட்டதும் மணல் பறப்பது ஏன்? கேள்வி பதில்

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ராத்திரி பூரா மழை. காலையில சில்வர் பீச் மணல் சொதசொதன்னு கிடந்துச்சு. பத்து மணிக்கெல்லாம் கால்ல சுருக் சுருக்குனு மணல் அடிக்குது. எப்படி?

பதில்: உங்க காலில் அடித்தது காய்ந்த மணல், தம்பி. மணல் துகள்களுக்கு நடுவில் நிற்கிற தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். காய்ந்த மணலைக் கிளப்ப மணிக்கு சுமார் 20 கி.மீ. காற்று போதும், எடையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஈரம் சேர்ந்தாலே அந்தக் காற்றுக்கு மணல் அசையாது. ஆனால் கடற்கரை முழுக்கக் காய வேண்டியதில்லை. காற்றும் வெயிலும் சேர்ந்து மேலே ஒன்றிரண்டு துகள் கனத்துக்கு உலர்த்தினால் அந்த அடுக்கு மட்டும் கிளம்பிவிடும். அடியிலுள்ள ஈரம் வெளியே வரும், அதுவும் காயும், அதுவும் கிளம்பும்.

வீராம்பட்டினத்திலிருந்து: அலை நனைச்ச கெட்டித் தரை மேல வெள்ளையா பாம்பு பாம்பா மணல் ஓடுதே?

பதில்: அது மேட்டிலிருந்து வருகிற காய்ந்த மணல். பொலபொலப்பான மணலில் விழுகிற துகளின் வேகம் அங்கேயே அடங்கிவிடும். கெட்டியான ஈரத்தரையில் விழுந்தால் உயரமாக எகிறும். மேலே காற்றுக்கு வேகம் அதிகம் என்பதால் வெகுதூரம் போகும். ஈரத்தரை தன் மணலை விடாது, அடுத்த இடத்து மணலை ஓடவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தண்ணீர் மினுமினுக்கிற இடத்தில் மட்டும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டி ஒட்டி, காற்று வருகிற திசையைப் பார்த்துச் சின்ன வரிகளாக வளரும்.

கேள்வி: மழை பெய்யும்போதே பறக்குமா?

பதில்: துளி விழுந்து தெறிக்கிற மணலைக் காற்று சற்றுத் தள்ளும், அவ்வளவே. 2011-ல் அடித்த ‘தானே’ புயல் மாதிரி நாளில் மணலை வாரிப்போவது பெரும்பாலும் அலை.

புதுச்சேரியிலிருந்து ஓர் அக்கா: எங்க கடற்கரைச் சாலை ஓரத்து மணலைக் காத்துதான் கொண்டுபோச்சா?

பதில்: இல்லைக்கா. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கட்டிய கல்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகர்ந்த மணலைத் தடுத்தன. தெற்கே குவிந்தது, வடக்கே அரித்தது. காற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: வாசல்ல வந்து குவியுது. தண்ணி தெளிச்சா நிக்குமா?

பதில்: காய்கிற வரை நிற்கும். கடல்தண்ணீர் என்றால் உப்புப் பொருக்குக் கட்டிக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பிள்ளைகள் மிதித்து ஓடினால் அதுவும் போச்சு. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில், மணலைப் பிடித்து வைக்கிற அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேடு இருந்தால், அழகுக்காக அதைச் சமன் பண்ணிவிடாதீர்கள்.